மூன்று பேருக்கு ஒரு மைக்

அரசாங்கம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தரப்போகிறது என்ற சேதி வந்ததற்கும், பணம் வங்கிக்கு வந்து சேர்ந்ததற்கும் நடுவில் நாலு மாதம் ஓடியது. அந்த நாலு மாதத்தில் லீலாபாயும் பகவதிப்பெருமாளும் ஜிஷாவும் உலகத்தில் இருக்கிற சாமான்களை எல்லாம் வாங்கி முடித்துவிட்டார்கள்.

திருவனந்தபுரத்தில் சாலை என்கிற கடைத்தெருவில் பகவதிப்பெருமாளின் அண்ணன் கயிறும் சாக்கும் விற்கிறார். கடைக்கு மேலே ஒரு கிடங்கு. ஊரடங்கில் கடை திறக்கக்கூடாத நாட்களில் மூன்று பேரும் அங்கே கூடுவார்கள். சாக்குக் கட்டுகள் மேல் ஏறி உட்கார்ந்தால், கூரை ஓடுகளுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக ஒரு துண்டு வெளிச்சம் இறங்கும். அதில் சணல் தூசி மிதந்துகொண்டே இருக்கும். தெருவில் ஆள் கிடையாது. மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர் சத்தமும் லாரி ஹாரனும் இல்லாத சாலையை அவர்கள் யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எங்கேயோ ஒருவர் தும்மினால்கூட யார் தும்மியது என்று கண்டுபிடித்துவிடலாம்.

மூன்று பேரும் ஒரே கானமேளாக் குழுவில் இருந்தவர்கள். உற்சவம், கல்யாண வரவேற்பு, சங்க ஆண்டுவிழா என்று எங்கே கூப்பிட்டாலும் போய்ச் சினிமாப் பாட்டுப் பாடுகிற குழு. எட்டுப் பேர் இருந்தார்கள். நோய் வந்து மேடைகள் நின்றுபோனதும், குழுவை நடத்தியவர் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், மைக் எல்லாவற்றையும் கொல்லத்துக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு மஸ்கட்டில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேலை தேடிக் கலைந்தார்கள். மிஞ்சியது இந்த மூன்று பேர்.

லீலாபாய்தான் பாட்டுக்காரி. ஐம்பத்தொரு வயது. களியக்காவிளைப் பக்கம் பிறந்து, சர்ச் கொயரில் பாடத் தொடங்கி, கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள். கணவர் இறந்து, மகளும் மார்த்தாண்டத்துக்குக் கல்யாணமாகிப் போனபிறகு கிள்ளிப்பாலத்தில் ஓர் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருந்தாள். முப்பது வருஷம் பாடியும் சொந்தமாக ஒரு மைக் அவளிடம் இருந்ததில்லை. பகவதிப்பெருமாள் ரிதம் பேட் வாசிக்கிறவன். மேடை இல்லாத நாட்களில் அண்ணன் கடையில் கயிறு அளந்து கொடுப்பான். ஜிஷா பேஸ் கிட்டார். போணக்காடு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த பெண். தைக்காட்டில் ஹாஸ்டலில் தங்கி, ஒரு மருந்துக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கிட்டார் அவளுடையது. ஆனால் அதைப் பேசவைக்கிற ஆம்ப்ளிஃபயர் கொல்லத்துக்குப் போய்விட்டதே.

அதற்கு ஜிஷா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். கிடங்கின் மூலையில் பழைய அரிசிப் பத்தாயம் ஒன்று காலியாகக் கிடந்தது. கிட்டாரின் தலைப்பக்கத்தை அதன் பலகையோடு அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பாள். பத்தாயம் முழுவதும் முனகும். லீலாபாய் அதன் மேல் ஏறி, புடவைத் தலைப்பைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்துவிடுவாள். பெரிய மாடு ஒன்று உறங்கும்போது அதன் வயிற்றில் காது வைத்தது மாதிரி இருக்கிறது என்று சொல்வாள்.

"பைசா வரட்டும் சேச்சி. பதினெட்டு இஞ்ச் ஸ்பீக்கர் ரெண்டு எடுக்கலாம்" என்பாள் ஜிஷா, கண்ணை மூடி வாசித்துக்கொண்டே.

"ரெண்டு மதியா, போதுமா? நாலு எடு" என்பான் பகவதிப்பெருமாள். அவன் போனில் ஜப்பான்காரர்கள் பேட் வாசிக்கிற வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். "எனக்கு இந்த மாடல். வெளிச்சம் மாறிக்கிட்டே இருக்கு பாருங்க லீலாக்கா. நீலம், பின்னே பச்சை."

"எனக்கு ஒரு வேன் போதும் டே. ஏசி உள்ளது. மேடைக்குப் போவும்போ காலை நீட்டி உறங்கிட்டுப் போவணும்."

அப்படியே போகும். வேனுக்கு என்ன நிறம், பின்பக்கம் என்ன எழுதுவது என்று பேசிப் பேசி மத்தியானம் கழிந்துவிடும். மழை வந்தால் ஓட்டின் மேல் அதன் சத்தம் மட்டும். அந்த நாட்களைப் பற்றிப் பிற்பாடு பேசும்போது, ஊரெல்லாம் பயந்து கிடந்த காலத்தில் தாங்கள் மட்டும் ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் என்று அவர்களுக்கே விளங்கியதில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை லீலாபாய் யாரிடமும் சொல்லவில்லை. மே மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினேழு நாள் வீட்டுக்குள் தனியாகக் கிடந்து எழுந்தாள். எழுந்த பிறகு ஒரு நாள் அடுப்பருகே நின்று பாடிப் பார்த்தபோது குரல் மேலே போகவில்லை. அவளுடைய மேல் ஸ்தாயிக்காகவே நிகழ்ச்சி வைத்தவர்கள் உண்டு. அது அங்கே இல்லை. இருமல் விட்டதும் வரும் என்று நினைத்தாள். இருமல் விட்டது, குரல் வரவில்லை. அதற்கப்புறம் கிடங்கில் அவள் பாடவே இல்லை. பத்தாயத்தின் மேல் படுத்து முனகுவதோடு சரி. மற்ற இருவரும் அவள் தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கர்க்கடகம் என்கிற ஆடியின் கடைசி வாரத்தில் பணம் வந்தது. மூன்று பேருடைய போனிலும் ஒரே காலையில் செய்தி வந்தது. அன்று மத்தியானம் கிடங்கில் கூடி, ஆளுக்கொரு தடவை தொகையைக் கூட்டிப் பார்த்தார்கள். வேனும் நீல விளக்கும் எங்கே போயின என்று தெரியவில்லை. தனித்தனியாக வைத்தால் ஒன்றும் ஆகாது; மூன்று பேருடையதையும் சேர்த்தால் ஒரே ஒரு நல்ல சாமான் வாங்கலாம். எது?

"மைக்" என்றான் பகவதிப்பெருமாள். "ரெக்கார்டிங் மைக். கூடவே போன்ல ஏத்துகதுக்கு ஒரு சின்னப் பெட்டி. மேடை இனி எப்ப தொறக்குமோ தெரியாது. இங்கேயிருந்தே பாடி அனுப்பினா துபாய்லயும் கேப்பான், மஸ்கட்லயும் கேப்பான்."

"அதே" என்றாள் ஜிஷா. "ஆள்க்காரங்க கேக்கறது சேச்சியோட பாட்டைத்தான். பேஸ் எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியாது. இல்லாட்டிதான் தெரியும்."

"ஆம்ப்ளிஃபயர் வாங்குவோம்" என்றாள் லீலாபாய். "பிள்ளைக்க கிட்டாரு ஊமையாட்டு இருக்கு பாரு."

"என்னக்கா, உங்களுக்கு மைக் வாங்கித் தாறோம்னா வேண்டாங்கியளே!"

"இப்ப என்னத்துக்குன்னுதான் கேக்கேன்."

"முப்பது வருஷம் யாருக்க மைக்கிலயோ பாடியாச்சு" என்றான் பகவதிப்பெருமாள். அவன் குரலில் இருந்த பிரியத்தைக் கேட்டு லீலாபாய்க்கு அதற்கு மேல் மறுக்க வாய் வரவில்லை.

தம்பானூரில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே சேஷனின் கடை. கரமனை அக்ரஹாரத்து ஆள், நாற்பது வயதுக்குள்தான். புதிதும் பழையதுமாக வாத்தியங்கள் விற்பான். கடையின் பின்பக்கம், சுவரில் முட்டைத் தட்டுகளும் பழைய கம்பளமும் ஒட்டிய ஒரு சின்னக் கூண்டு இருந்தது. லாட்டரி வண்டி, மீன் வண்டி, உற்சவக் கமிட்டி என்று எல்லாருக்கும் ஒலிபெருக்கி அறிவிப்புகளை அதில்தான் பதிந்து கொடுப்பான். அவர்கள் அங்கே போனது ஒரு புதன்கிழமை; பஸ் ஸ்டாண்டில் நாலைந்து பஸ்கள் ஈரத்தோடு நின்றன. ஆட்டோக்காரர்கள் பின்சீட்டில் படுத்திருந்தார்கள். மழை விட்டு வெயில் வந்து, அகலமான தெரு முழுக்க ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அதற்குள் நடந்து போகும்போது மூன்று பேருக்கும் ஊர் மாறி வந்துவிட்டது போலத் தோன்றியது.

"வாங்கோ" என்றான் சேஷன், நாற்காலியிலிருந்து எழாமல். அவர்கள் விஷயத்தைச் சொன்னதும் கூண்டைக் கைகாட்டினான். "உள்ள ஒரு மைக் மாட்டியிருக்கு. பாடிப் பாருங்கோ சேச்சி. அதே இனத்துல புதுசும் இருக்கு. கதவைச் சாத்திண்டு மாஸ்க்கை எடுத்துடலாம்."

லீலாபாய் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். முகத்துணியை எடுத்தாள். பெரிய ஹெட்ஃபோன் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டாள். கூண்டில் பதித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பகவதிப்பெருமாளும் ஜிஷாவும் நின்று கையாட்டினார்கள். அவர்களுக்கு ஒன்றும் கேட்காது. சேஷனின் காதில் மட்டும் இன்னொரு ஹெட்ஃபோன் இருந்தது.

முதலில் அவள் கேட்டது ஒரு மூச்சு. வேறு யாரோ கூண்டுக்குள் இருக்கிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். பிறகுதான் அது தன்னுடையது என்று தெரிந்தது. நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிகிற ஒலி. வளையல் ஒன்றின் மேல் ஒன்று விழுகிற ஒலி. எல்லாம் காதுக்குள்ளேயே நடந்தன.

மேடையில் அவள் ஒருநாளும் தன்னைக் கேட்டதில்லை. பாடுகிறவருக்குத் திருப்பி வைக்கிற ஸ்பீக்கர் ஒன்றுதான் இருக்கும். அது ஆண் பாடகரின் பக்கம். பின்னால் டிரம்ஸ், முன்னால் கூட்டம். ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மண்டைக்குள் அதிர்வதை வைத்துச் சுருதி பிடிப்பாள். எப்படிப் பாடினோம் என்பது மறுநாள் யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஒரு பழைய பாட்டை மெதுவாக எடுத்தாள். பல்லவி வந்தது. சரணத்தில் மேலே ஏறுகிற இடம் வந்தபோது குரல் ஏறவில்லை. இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தவள் போலத் தடுமாறினாள். ஆனால் பாட்டு நிற்கவில்லை. அது தானாகக் கீழே இறங்கி, அவள் வழக்கமாக நடமாடாத ஓர் இடத்தில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே அடுத்த வரியைப் பாடியது. தடித்த, கொஞ்சம் மணல் கலந்த குரல். அடுத்த வீட்டில் இத்தனை நாள் குடியிருந்தும் முகம் பார்த்திராத ஒருத்தி, வாசலுக்கு வந்து நின்றாற்போல் இருந்தது.

லீலாபாய் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எப்படி சேச்சி? அடிபொளியா?" என்றாள் ஜிஷா.

"வேண்டாம். போவலாம்."

"என்னாச்சுக்கா? மைக் சரியில்லையா?"

"மைக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேண்டாம்னு சொன்னா விடணும்."

பகவதிப்பெருமாள் சேஷனைப் பார்த்தான். சேஷன் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் திரும்பி நடந்தார்கள். கிழக்கே கோட்டைச் சந்திப்பு வந்ததும் ஜிஷா, "ஹாஸ்டலுக்குப் போறேன்" என்று வேறு பக்கம் திரும்பினாள். அவளுக்கு மனசு நொந்துவிட்டது என்பது நடையில் தெரிந்தது.

இரண்டு நாள் லீலாபாய் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஜிஷா கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. சோறு வடித்தாள், துணி துவைத்தாள், மழையைப் பார்த்துக்கொண்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். என்ன செய்தாலும் அந்த மூச்சு காதிலேயே இருந்தது. பயமாக இருந்தது, கூடவே இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்றும் இருந்தது. அடுத்த கடை திறந்த நாள், குடையை எடுத்துக்கொண்டு கிள்ளிப்பாலத்திலிருந்து தம்பானூருக்கு நடந்தாள்.

"வாங்கறதுக்கா?" என்றான் சேஷன்.

"இல்ல தம்பி. ஒருக்கா கூட கேக்கணும்."

"போங்கோ. கரண்ட் இருக்கு."

அவ்வளவுதான் அவன் சொன்னது. அவள் உள்ளே போய், இந்த முறை மேலே போகப் பார்க்காமல், கீழேயே பாடினாள். பத்து நிமிஷம். வெளியே வந்து, "வருகேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். கடை திறக்கிற நாளெல்லாம் அப்படிப் போகத் தொடங்கினாள். கடையில் வேறு யாரும் வருவதில்லை. சேஷன் சில நாள் தூங்கிக்கொண்டிருப்பான். அவள் தானே சுவிட்சைப் போட்டுக்கொள்வாள். கூண்டுக்குள் மழையின் சத்தம்கூட வராது. சில நாள் பாடாமல் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். கணவரின் பெயரையும். உயிரோடு இருந்தபோது அவரை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

ஆவணி பிறந்த பின் ஒரு வெள்ளிக்கிழமை சேஷன் விழித்திருந்தான்.

"சேச்சி, ஒரு காரியம் சொல்லட்டா? எனக்குத் தமிழ்ல அறிவிப்புச் சொல்ற பொண்ணு க்வாரன்டைன்ல இருக்கா. சாலையில ஊசி போடற கேம்ப். நாளைக்கு ஆட்டோல ஓடணும். நீங்க சொல்றேளா?"

"எனக்க கொரலு இப்ப நல்லால்ல தம்பி. நீ கேட்டிருப்பியே."

"மீன் வண்டிக்கும் லாட்டரிக்கும் நான் யார்கிட்டயும் குரல் நன்னாருக்கான்னு பாத்ததில்லை. எழுத்துத் தெளிவா விழணும். அவ்வளவுதான்."

தாளை வாங்கி அவள் படித்தாள். ஒரே தடவையில் முடிந்தது. சேஷன் தலையாட்டிவிட்டு டீ வாங்கி வந்தான்.

மறுநாள் காலை சாலையில் வெங்காயம் வாங்கப் போனாள் லீலாபாய். அரைக் கதவு திறந்த கடைகள், தள்ளித் தள்ளி நிற்கிற ஆட்கள். காயப்போட்ட மிளகாயின் நெடி ஈரக் காற்றில் கனத்து நின்றது. அப்போது ஆரியசாலைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "சாலை வியாபாரிகளின் கவனத்திற்கு. சுமை தூக்கும் சகோதரர்களின் கவனத்திற்கு." முதலில் அவள் யாரோ பேசுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். நல்ல குரலாக இருக்கிறதே, இது யார் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அடுத்த வரியை அதற்கு முன்னால் அவள் வாயே சொல்லிவிட்டது; நேற்று அவள் படித்த தாள்.

ஆட்டோ மெதுவாக வந்தது. அரிசிக் கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஒரு சுமட்டுக்காரர் தலைச்சுமையோடு நின்று கேட்டார். அறிவிப்பை யாரும் இப்படிக் கேட்டு அவள் பார்த்ததில்லை. ஆட்டோ அவளைத் தாண்டிப் போயிற்று. அவள் வெங்காயப் பையோடு அதன் பின்னாலேயே நடந்தாள். சந்து சந்தாக அது திரும்ப, இவளும் திரும்பினாள். குரல் இரும்புக் கடைகளின் தகரத்தில் மோதி ஒரு விதமாகவும், துணிக் கடைகளுக்குள் நுழைந்து இன்னொரு விதமாகவும் வந்தது. எவ்வளவு நேரம் நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கயிற்றுக் கடை வாசலில் பகவதிப்பெருமாள் கையில் பாதி சுற்றிய கயிற்றோடு நின்றுகொண்டிருந்தான். ஆட்டோவைப் பார்த்தான். பின்னால் வந்த லீலாபாயைப் பார்த்தான்.

"எக்கா, இது நீங்கதானா?"

அவள் தலையாட்டினாள்.

"தொண்டை எப்ப இப்படி ஆச்சு?"

"மே மாசம். காய்ச்சலோட போச்சு, கேட்டியா. மேல ஏற மாட்டேங்குது. நானும் வரும் வரும்னு பாத்தேன்." சொல்லும்போதே அவள் கண் நிறைந்தது. "மைக்கு வாங்கி ஒங்களுக்க ரூவாயை எல்லாம் எனக்க தொண்டைக்குள்ள போட்டா, அது வீணா போவாதா டே?"

பகவதிப்பெருமாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரவைத்தான். பிறகு ஜிஷாவைக் கூப்பிட்டான். மருந்துக் கடையில் அரை மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அவள் ஓடி வந்தாள். மூன்று பேரும் மாடிக் கிடங்குக்கு ஏறினார்கள். விஷயத்தைக் கேட்டதும் ஜிஷாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது.

"இதை ஏன் சேச்சி எங்ககிட்டச் சொல்லல? நான் ஏதோ தப்பா பேசிட்டேன்னு பத்துநாளா உறக்கமில்லாம கிடக்கேன்."

"எங்ஙன சொல்லுகது பிள்ளே? பாட்டுக்காரி பாட்டு போச்சுன்னு சொன்னா, பின்னே அவ ஆரு?"

"பாட்டு எங்க போச்சு? இப்பத்தான ரோடு முழுக்கக் கேட்டுது." ஜிஷா கிட்டாரைப் பத்தாயத்தில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். "எந்தச் சுருதியில வருது இப்ப? சொல்லுங்க."

"நல்லா இறக்கணும். ரெண்டு கட்டை, ரெண்டரைக் கட்டை. ஆணுங்க பாடுகது போல."

"இறக்கினா என்ன? நான் எப்பவும் கீழதான சேச்சி இருக்கேன். நீங்க இறங்கி வாங்க."

அவள் ஒற்றைத் தந்தியை மீட்டினாள். பத்தாயம் முனகியது. லீலாபாய் அதன் பலகையில் கையை வைத்துப் பார்த்தாள். பிறகு பாடினாள். பகவதிப்பெருமாள் பேட் எடுக்கவில்லை. ஒரு சாக்குக் கட்டின் மேல் உள்ளங்கையால் தட்டினான். பாட்டு முடிந்தபிறகும் பத்தாயம் கொஞ்சம் முனகி ஓய்ந்தது. ஜிஷா மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"மைக் எடுக்கலாம்" என்றாள்.

பகவதிப்பெருமாள் தன் போனை எடுத்துச் சாக்குக் கட்டின் மேல் வைத்தான். பிறகு, "நானும் ஒண்ணு சொல்லல" என்றான். அவன் மகள் அஸ்வதிக்குப் பத்தாம் வகுப்பு. பாடமெல்லாம் அவன் போனில்தான். ஒரு வாரத்துக்கு முன்னால் அது கீழே விழுந்து கண்ணாடி உடைந்து, பாதித் திரை கறுத்துவிட்டது. பிள்ளை மீதிப் பாதியில் கணக்குப் பார்க்கிறாள். "மைக்குன்னு முதல்ல சொன்னது நான்தான். இப்ப எப்படி மாத்திச் சொல்லுகதுன்னு வெக்கமா இருந்துது."

"கோட்டிக்காரா" என்றாள் லீலாபாய். "பிள்ளைக்கு முதல்ல போன் வாங்கு. நாங்க ரெண்டு பேருக்குள்ளத வச்சு எது கிட்டுமோ அத வாங்குகோம்."

"அப்ப நான் இல்லையா இதுல?"

"நீ இல்லாம ஆரு தாளம் தட்டுகது? சாக்கா தானா தட்டும்?"

இரண்டு பேருடைய பணத்துக்குப் புது மைக் வராது. லீலாபாய்க்குப் புதியது வேண்டியும் இருக்கவில்லை. கூண்டில் இருக்கிற மைக்கையே கொடு என்று சேஷனிடம் கேட்டாள்.

"அது ஆறு வருஷமா மீன்காரன் கத்தின மைக். முன்பக்கக் கம்பிவலையில நசுங்கல் இருக்கு" என்றான் சேஷன்.

"இருக்கட்டும். அதுக்கு என்னைத் தெரியும்."

சேஷன் தோளைக் குலுக்கினான். பழைய மைக்குக்கு என்ன விலையோ அதைச் சொன்னான். சின்னப் பெட்டியையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தான். தங்கத்தைக் கொண்டு போகிறவள் போல அதை மாரோடு அணைத்து, மழையில் நனையாமல் சாலை வரைக்கும் கொண்டு வந்தாள் லீலாபாய்.

கிடங்கு பாட்டுப் பதிவதற்கு அவ்வளவு பொருத்தமான இடம் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. நாலு பக்கமும் சாக்கும் கயிறும் அடுக்கியிருந்ததால் ஒலி எதிலும் மோதித் திரும்பவில்லை. பத்தாயத்தின் முனகல்கூட மைக்கில் அழகாக விழுந்தது. ஒரு பாட்டைப் பதிந்து தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். பெரிய பேர் ஒன்றும் வந்துவிடவில்லை. சில நூறு பேர் கேட்டார்கள். மஸ்கட்டிலிருந்து பழைய குழுத் தலைவர் கூப்பிட்டு, "ஆரு லீலே அந்தப் பாட்டுக்காரி? புதுசா எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். "ஆமா, புதுசு" என்று சொல்லிவிட்டு லீலாபாய் போனை வைத்துச் சிரிசிரி என்று சிரித்தாள்.

ஐப்பசியில் கல்யாணங்களுக்குக் கொஞ்சம் ஆட்களைக் கூட்டலாம் என்று ஆனது. ஜிஷாவின் அம்மாவுக்குத் தெரிந்த வீட்டில், வித்துராவை அடுத்த ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். பெரிய குழுவைக் கூப்பிட வசதியில்லாத வீடு. மூன்று பேர் போதும் என்றார்கள். ஜிஷா ஒரு ஆம்ப்ளிஃபயரை வாடகைக்கு எடுத்தாள். காலை பஸ்ஸில் மூன்று பேரும் போனார்கள்.

மண்டபத்துக்குக் கதவுகள் இரண்டு பக்கமும் திறந்திருந்தன. லீலாபாய் முதல் பாட்டை எடுத்தபோது மலையிலிருந்து மஞ்சு என்கிற மூடுபனி இறங்கி ஒரு கதவு வழியாக உள்ளே வந்து, பந்திக்கு மேலாக மிதந்து, மறு கதவு வழியாகப் போயிற்று. யாரும் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை, மலையோரத்துக்காரர்கள். சிலர் பாட்டைக் கேட்டுத் திரும்பினார்கள், பாடுவது யார் என்று தேடினார்கள், பிறகு இலையில் பருப்பை ஒதுக்கிச் சாப்பிடத் தொடங்கினார்கள். ஒரு நடுவயதுக்காரர் எழுந்து வந்து, கொஞ்சம் வேகமான பாட்டாகப் பாடக்கூடாதா என்று கேட்டுவிட்டுப் போனார். கல்யாணப் பெண் மட்டும் மேடையிலிருந்து ஆள் அனுப்பி, முதல் பாட்டை இன்னொரு தடவை பாடச் சொன்னாள். லீலாபாய் இரண்டாம் தடவை பாடும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிறவர்களைப் பார்த்துப் பாடினாள். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

மூன்றரை மணிக்கு வித்துரா சந்தையில் டீக்கடை ஒன்றில் உட்கார்ந்தார்கள். திருவனந்தபுரம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கிட்டார் உறையையும் பெட்டிகளையும் பார்த்துவிட்டுக் கடைக்காரர், "கானமேளாவா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. மூணு பேர்தான்" என்றான் பகவதிப்பெருமாள்.

"என் கூடப்பொறந்த பெங்ஙளுக்க மகளுக்குத் தை மாசம் கல்யாணம். நம்பர் தரீங்களா? ட்ரூப்புக்கு என்ன பேர்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பழைய குழுவின் பெயர் பழைய தலைவருடையது. புதுப் பெயர் ஒன்று வேண்டும் என்று இத்தனை மாதத்தில் அவர்களுக்குத் தோன்றவே இல்லை. பகவதிப்பெருமாள் மலர் என்று முடிகிற ஒரு பெயரைச் சொன்னான். ஜிஷா முகத்தைச் சுளித்துவிட்டு இங்கிலீஷில் ஒன்று சொன்னாள். லீலாபாய் டீயை ஆற்றிக்கொண்டு, "ரெண்டும் வேண்டாம்" என்றாள்.

கடைக்காரர் பொறுத்துப் பார்த்தார். கல்லில் பரோட்டா கருகத் தொடங்கியது. கடைசியில் பென்சிலை எடுத்து, சுவர்க் காலண்டரின் ஓரத்தில் ஜிஷா சொன்ன நம்பரை எழுதி, பக்கத்தில் தானாகவே "சாலை, மூணு பேர்" என்று எழுதிக்கொண்டார்.

"அது மதியா?" என்று கேட்டார்.

"மதி" என்றாள் லீலாபாய்.

வெளியே மஞ்சு சந்தை முழுவதையும் மூடியிருந்தது. எதிர்க் கடை தெரியவில்லை. பஸ் வருகிற சத்தம் மட்டும் கேட்டது. மூன்று பேரும் சாமான்களை எடுத்துக்கொண்டு, அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்தபடி ரோட்டோரம் போய் நின்றார்கள்.